கியூபா பேஸ்பால் பழம்பொருள்கள்: பந்தா, பசைக்கறை படிந்த தாளா?

கேள்வி – 2023 நவம்பர் 11

கியூபாவின் வராதேரோ கடற்கரைக்கு விடுமுறை போய்த் திரும்பும் வழியில் ஹவானாவில் தங்கினோம். ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவரிடம் ஒரு பேஸ்பால் பந்து வாங்கினேன். ஃபிடல் காஸ்ட்ரோவின் கையொப்பமும் ‘1959’ என்ற ஆண்டும் கறுப்பு மையில் தடிமனாக எழுதப்பட்டிருக்கின்றன. பந்துக்குக் கொசுறாக ஒரு சின்னத் தாள் படத்தையும் கொடுத்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, கறுப்பு வெள்ளை, தொப்பி போட்ட ஒருவரின் மார்பளவுப் படம். பின்பக்கம் முழுக்கப் பழுப்புப் பசை, ஒரு மூலை கிழிந்திருக்கிறது. பந்துக்குக் கண்ணாடிப் பெட்டி சொல்லியிருக்கிறேன். காப்பீடும் எடுக்கலாமா? இந்தத் தாளை வைத்துக்கொள்வதில் ஏதாவது பயன் உண்டா?

நவம்பர் 11, இரவு

தாளை எறியாதீர்கள், தம்பி. தண்ணீரில் ஊறப்போட்டுப் பசையை எடுக்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். மற்றதை நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 12

முதலில் பந்து. கையொப்பத்தை விட்டுவிடுங்கள், பந்தின் தோலில் என்ன முத்திரை அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘பாடோஸ்’ என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பாடோஸ் என்பது புரட்சிக்குப் பிறகு அரசு தொடங்கிய விளையாட்டுப் பொருள் தொழிலின் சரக்கு. விளையாட்டைக் கவனிக்கும் இந்தேர் என்ற அரசு நிறுவனமே 1961இல்தான் உருவானது. 1959இல் அந்த முத்திரையோடு பந்து இருக்க வழியில்லை.

அடுத்தது மை. தடித்த முனை, ஓரத்தில் கசிவில்லாத கருமை என்றால் இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் அழியாத மார்க்கர் பேனாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஷார்ப்பி கடைக்கு வந்தது 1964இல். 1959ஆம் ஆண்டுப் பந்துக் கையொப்பம் பெரும்பாலும் ஊற்றுப்பேனாவிலோ பந்துமுனைப் பேனாவிலோ இருக்கும். அந்த மை தோலில் மங்கி, பழுப்போ ஊதாவோ கலந்து நிற்கும்.

ஏன் 1959? அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 24 இரவு, ஹவானா செர்ரோ பகுதியிலுள்ள பெரிய மைதானத்தில் ‘பார்புடோஸ்’, அதாவது தாடிக்காரர்கள் என்ற பெயரில் ஓர் அணி இறங்கியது. எதிரணி ராணுவப் போலீஸ். காஸ்ட்ரோ சிறிது நேரம் பந்துவீசினார். எதிரணியில் ஆட வேண்டிய புரட்சித் தளபதி கமிலோ சியென்ஃபுவேகோஸ், “பந்து விளையாட்டில்கூட நான் ஃபிடலுக்கு எதிராக நிற்கமாட்டேன்” என்று சொல்லி இந்தப் பக்கம் வந்து, வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்ச்சராக உட்கார்ந்தார் என்பார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் போயிற்று. போலி செய்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டு எங்கே கிடைக்கும்?

நவம்பர் 12, சற்றுப் பிறகு

“அமெரிக்க அணிகள் காஸ்ட்ரோவை ஆட்டக்காரராக எடுக்கப் பார்த்தன, எடுத்திருந்தால் புரட்சியே நடந்திருக்காது” என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இந்தக் கதைக்கு வயது அதிகம், ஆதாரம் இல்லை. பல்கலைக்கழகக் காலத்தில் சட்டப் பிரிவு அணிக்குப் பந்துவீசிய ஓர் ‘எஃப். காஸ்ட்ரோ’ 1946இல் பத்திரிகை ஸ்கோர் பட்டியல் ஒன்றில் இருக்கிறார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏல விளம்பரத்துக்கு எழுதும் உரைநடை.

நவம்பர் 13

நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். பாடோஸ்தான். வருத்தப்படாதீர்கள், தையல் நன்றாக இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியை ரத்து செய்துவிட்டுப் பையனிடம் கொடுங்கள், பூங்காவில் ஆடட்டும்.

தாளின் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுதக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நவம்பர் 15

கியூபாவில் இந்தச் சின்னப் படங்களைப் ‘போஸ்தலீத்தா’ என்பார்கள். இரண்டு பெரிய அலைகளாக வந்தவை.

முதல் அலை சிகரெட் பெட்டியோடு வந்தது. 1909 வாக்கில் கபானியாஸ். அதற்குப் பிறகு 1923–24 பருவத்தை ஒட்டிக் கடும் போட்டி: பிலிக்கென், தொமாஸ் குத்தியெரெஸ், அகிலீத்தாஸ் என்று ஒரே நேரத்தில் பல தொகுதிகள். டியாஸ் என்ற சிகரெட் நிறுவனம் பிட்ச்சர்கள், அதாவது பந்துவீசுபவர்கள் படங்களாகவே ஒரு தொகுதி போட்டது. அந்த நிறுவனத்தில் யாரோ பேட் பிடிப்பவர்கள்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது அலை மிட்டாயோடு வந்தது. 1945–46 தொடங்கிக் கரமேலோ டெபோர்ட்டிவோ என்ற மிட்டாய்த் தொகுதி. மெல்லிய தாள். கையில் வைத்து அழகு பார்ப்பதற்கானது அல்ல அது. ஆல்பத்தில் அந்தந்த எண்ணுக்கான கட்டத்தில் ஒட்டுவதற்கென்றே அச்சடித்தது. ஒட்டினார்கள். அதனால்தான் இன்று நம் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை முதுகு உரிந்து வருகின்றன. பின்பக்கத்தில் எழுத்தும் விளம்பரமும் இருந்தன. ஆல்பத்திலிருந்து பிய்க்கும்போது அவை ஆல்பத்தோடு தங்கிவிடும்.

தம்பியின் தாள் இந்த இரண்டாவது வகை. தாளின் பருமன், அளவு, வெள்ளை விளிம்பு எல்லாம் பொருந்துகின்றன. அளவுகோல் வைத்து அளந்து சொல்லுங்கள்: அகலம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் உயரம் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

நவம்பர் 15, இரவு

“பசை ஒட்டிய, மூலை கிழிந்த தாளைப் பெரிதாகப் பேசுகிறீர்களே, தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பினால் 1கூடக் கிடைக்காது” என்கிறார் ஒருவர். கிடைக்காது, சரி. அந்த 1 முதல் 10 வரையிலான ஏணி அமெரிக்கச் சிறுவர்கள் ரப்பர் வளையம் போட்டுக் காலணிப் பெட்டியில் வைத்த தடித்த அட்டைகளைப் பார்த்துப் போடப்பட்டது. ஒட்டுவதற்கென்றே பிறந்த தாளை ஒட்டாமல் வைத்திருக்கவில்லை என்று தண்டிப்பது என்ன நியாயம்?

என் கட்சி இது: கியூபாத் தாள்களில் பசை ஒரு சான்று. 1946ஆம் ஆண்டு மிட்டாய்த் தாள் ஒன்று முதுகு பளபளக்க, மூலை கூர்மையாக, விற்பனைக்கு வந்தால் நான் முதலில் பாராட்டமாட்டேன், சந்தேகப்படுவேன். விற்காமல் கடையில் தங்கிப்போன கட்டுகள் சில உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்படியொரு கட்டு கிடைத்தது என்று சொல்கிறவர் அது எங்கே, யாரிடம் இருந்தது என்ற கதையையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

நவம்பர் 18

மேலே எழுதியதை மூன்று நாள் கழித்துப் படிக்கும்போது ஒரு நிபந்தனை சேர்க்கத் தோன்றுகிறது. பசை சான்றுதான், ஆனால் போலி செய்கிறவனுக்கும் பசை கிடைக்கும். மறு அச்சு ஒன்றின் முதுகில் மாவுப் பசையைத் தடவி, பழைய கணக்கு நோட்டுத் தாளில் ஒட்டி, காய்ந்தபின் பிய்த்து விற்பது தெரிந்த தந்திரம். அப்படி ஒன்றை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு ஏலக்காரரின் பட்டியலில் ‘ஆல்பத்திலிருந்து எடுக்கப்பட்டது’ என்றே போட்டிருந்தது. பிய்ந்த இடத்தில் ஒட்டியிருந்த தாள் துணுக்கில் கணக்குக் கோடுகள் தெரிந்தன. கரமேலோ ஆல்பத்தில் எந்தக் கடைக்காரர் கணக்கு எழுதினார்? பணம் திரும்பவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை.

ஆகவே பசையை எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி. மூன்றைப் பார்ப்பேன். பசை தாளின் விளிம்புவரை போயிருக்கிறதா? சிறுவர்கள் கஞ்சத்தனமாக ஒட்டமாட்டார்கள். நான்கு ஓரமும் வழிந்திருக்கும், முன்பக்கம் விரல் அடையாளம்கூட இருக்கும். அடுத்து, பசையின் பழுப்பும் தாளின் பழுப்பும் சேர்ந்து முதிர்ந்திருக்கின்றனவா? தேயிலைத் தண்ணீரில் நனைத்த தாள் எங்கும் ஒரே நிறமாக இருக்கும். வெப்பமும் ஈரமும் தின்ற தாள் ஓரத்தில் கறுத்து நடுவில் வெளுத்து நிற்கும். மூன்றாவது, பூச்சி. ஹவானாவில் பழைய தாளைப் பூச்சி விட்டு வைக்காது. பசை என்றால் அதற்கு விருந்து. துளை தாளிலும் பசையிலும் ஒரே இடத்தில் ஊடுருவியிருந்தால் என் மனம் கொஞ்சம் இளகும்.

நவம்பர் 18, பின்னிரவு

புறஊதா விளக்கைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், உதவும். தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காகிதங்களில்தான் பரவலாயின. 1923ஆம் ஆண்டுச் சிகரெட் அட்டை இருட்டறையில் நீலமாகச் சிரித்தால் கதவைச் சாத்திவிடலாம். ஆனால் பசையும் ஒளிரும், சலவைத்தூள் பட்ட தாளும் ஒளிரும். 1945–46 போன்ற எல்லைக்கோட்டு ஆண்டுகளுக்கு விளக்கு தீர்ப்பு சொல்லாது, சாட்சி மட்டும் சொல்லும்.

அதைவிடப் பத்து மடங்கு உருப்பெருக்கி நல்லது. பழைய கறுப்பு வெள்ளை அச்சில் புள்ளிகள் எல்லாம் கறுப்பு. இன்றைய மறு அச்சில் அதே சாம்பல் நிறத்துக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் ஒளிந்திருக்கும். தம்பி, இதைச் செய்து பார்த்தீர்களா?

நவம்பர் 20

பார்த்துவிட்டாராம். எல்லாம் கறுப்புப் புள்ளி. அளவும் சரி. நல்லது.

இனி ஆள் யார்? முதுகு எழுத்து போய்விட்டது. எண் இருந்த மூலையே கிழிந்த மூலை. (கிழிவதற்கும் ஒரு விவஸ்தை வேண்டாமா?) முகத்தையும் உடையையும் வைத்துத்தான் போக வேண்டும்.

அந்தப் பருவத்து அணிகளும் அவற்றின் சின்னமும் நிறமும் நினைவில் இருக்கட்டும். ஹபானா, சிங்கம், சிவப்பு. அல்மெண்டாரெஸ், தேள், நீலம். சியென்ஃபுவேகோஸ், யானை, பச்சை. மரியானாவ், புலி. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. தொப்பியின் எழுத்தும் மார்பு எழுத்தும்தான் துணை. இந்தப் படத்தில் தொப்பியில் எழுத்தே இல்லை. சட்டைக்கு மேலே கறுத்த கோட்டு, கழுத்தில் டை. தம்பி ‘ஏதோ அணி முதலாளி போலிருக்கிறது’ என்கிறார்.

இவர் நடுவர் என்கிறேன் நான். அந்தக் காலத்து நடுவர்கள் டை கட்டி, கறுத்த உடையில் நின்றவர்கள். கரமேலோ டெபோர்ட்டிவோவின் 1945–46 தொகுதி அணிகளைத் தொடங்குவதற்கு முன்பே நடுவர்களை வரிசையில் வைக்கிறது: அமாடோ மாயெஸ்த்ரி, பெர்னார்தீனோ ரோட்ரிகெஸ், கீக்கோ மாக்ரிஞாத். நடுவருக்கும் மிட்டாய்ப் படம் போட்டிருக்கிறார்கள். மரியாதையா, மீசை வரைந்து பழி வாங்கிக்கொள்ளட்டும் என்ற கருணையா?

நவம்பர் 21

“நடுவர் படத்துக்கு என்ன மதிப்பு?” என்று உடனே வந்துவிட்டது. பணமதிப்பா? பெரிதாக இராது. நட்சத்திர ஆட்டக்காரருக்கு ஓடுகிற கூட்டம் நடுவருக்கு ஓடாது.

ஆனால் மாயெஸ்த்ரி என்றால் கதை வேறு. மெக்சிகோ லீக்கின் அதிபர் ஹோர்ஹே பாஸ்கெல் மைதானத்துக்குள் வந்து அதிகாரம் செய்தபோது அவரையே வெளியேற்றியவர் என்று சொல்வார்கள். சொல்கதையை விடுங்கள். 1955 டிசம்பரில், காஸ்ட்ரோ பின்னர் வீழ்த்திய சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ஆட்சியை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆட்டத்தின் நடுவே செர்ரோ மைதானத்துக்குள் பதாகையோடு ஓடினார்கள். போலீஸ் அடித்து நொறுக்கியது. குறுக்கே போய் நின்றவர் மாயெஸ்த்ரி. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் சீருடைக்காரனைப் பார்த்து ‘இது என் மைதானம்’ என்பதுபோல் நின்றார் அந்த மனிதர். அந்தக் கோட்டோடு.

தம்பியின் தாளில் இருப்பவர் மாயெஸ்த்ரி என்று நான் சொல்லிவிடவில்லை. மூவரில் ஒருவர். தாடை அகலமும் புருவமும் அவரைப் போல இருக்கின்றன என்று என் கண் சொல்கிறது; என் கண்ணுக்கு ஆசை அதிகம். ‘பொஹேமியா’ வார இதழின் 1940, 50களின் பக்கங்களில் மாயெஸ்த்ரியின் தெளிவான படங்கள் இருக்கின்றன. காது மடலை ஒப்பிட வேண்டும். முகம் வயதோடு மாறும், காது அவ்வளவாக மாறாது.

நவம்பர் 24

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஹவானாவில் மத்தியப் பூங்காவில் ‘சூடான மூலை’ என்று ஓர் இடம் இருக்கிறது. ஆண்கள் கூட்டமாக நின்று பேஸ்பால் பற்றிக் கத்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கைகலப்பு என்று நினைப்பீர்கள். ஒருமுறை பழைய மிட்டாய்த் தாள் ஒன்றின் நகலைக் காட்டி, ‘இவர் யார்?’ என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். ஒரு பெரியவர் ஒரு பெயர் சொன்னார். இன்னொருவர் அவர் தலையில் கைவைத்து, ‘இவனுக்கு நேற்று என்ன சாப்பிட்டான் என்றே நினைவிருக்காது’ என்றார். அரை மணி கழிந்தபோது என் தாளை யாரும் பார்க்கவில்லை. 1947 பிப்ரவரியில் அல்மெண்டாரெஸ் கடைசி நாளில் கோப்பையைப் பறித்தது சரியா, ஹபானாவின் மேலாளர் மிகேல் ஆங்கெல் கொன்சாலெஸ் தன் பிட்ச்சர்களைச் சரியாகப் பயன்படுத்தினாரா என்று போய்க்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் நடந்தபோது அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள். அன்று மேக்ஸ் லேனியர் வீசினார், அல்மெண்டாரெஸ் வென்றது. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

ஆள் அடையாளத்துக்கு அந்த மூலை பயன்படாது. பேச்சு கேட்கப் போகலாம்.

நவம்பர் 25

“1920களின் சிகரெட் அட்டைகள் ஏன் அவ்வளவு விலை?” என்ற கேள்விக்கு நீளமான பதில் வேண்டும். கியூபாவின் பேஸ்பாலில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அன்றைய அமெரிக்காவில் மேஜர் லீக் என்ற உச்சமட்டத் தொழில்முறை அணிகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை. புகையிலை, மிட்டாய் நிறுவனங்களும் அவர்கள் படத்தைப் போடவில்லை. ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜான் ஹென்றி லாய்ட் போன்றவர்கள் குளிர்காலத்தில் கப்பலேறிக் கியூபாவுக்கு ஆட வந்தார்கள். ஹவானாவின் சிகரெட் பெட்டிக்குள் அவர்கள் முகம் மற்ற எல்லோருடைய முகத்தோடும் ஒரே அளவில், ஒரே சட்டத்தில் வந்தது. ஊரில் போடாத படத்தை அயலூர் போட்டது. சார்ல்ஸ்டனை அமெரிக்கப் பேஸ்பால் புகழ் மண்டபம் சேர்த்துக்கொண்டது 1976இல். பிலிக்கென் சிகரெட் பிடித்தவனுக்கு அவரை அரை நூற்றாண்டு முன்பே தெரியும்.

1923–24 பருவத்தில் சாண்டா கிளாரா அணி, சிறுத்தைகள், சார்ல்ஸ்டனும் அலெஹாந்த்ரோ ஓம்ஸும் இருந்த அணி, மற்றவர்களை எவ்வளவு பின்னுக்குத் தள்ளியது என்றால், ஜனவரியிலேயே ஆட்டத்தை நிறுத்தி அவர்களைச் சாம்பியன் என்று அறிவித்துவிட்டு, சுவாரசியத்துக்காக வேறொரு போட்டியைத் தொடங்கினார்கள். அந்தப் பருவத்து அட்டைகள் என்றால் விலை கேட்காதீர்கள்; எனக்கும் கட்டுப்படியாகாது. நான் படம் பார்த்துத் திருப்தியடைகிற கட்சி.

கியூபாக்காரர்களிலும் அதே கதைதான். கறுப்பு வைரம் என்று பெயரெடுத்த ஹோசே மெண்டெஸ் 1908 நவம்பரில் சுற்றுப்பயணம் வந்த சின்சினாட்டி ரெட்ஸை ஒரே ஒரு ஹிட் (அடித்துத் தளம் சேர்தல்) மட்டும் விட்டுக்கொடுத்து 1–0 என்று முடக்கினார். கிறிஸ்டோபால் டோரியென்டே 1920இல் பேப் ரூத் ஆடிய அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். இருவரும் புகழ் மண்டபம் போனது 2006இல். தோல் நிறம் வெளுப்பாக இருந்த அடோல்ஃபோ லூக்கே மேஜர் லீக்கில் 1923இல் பிட்ச்சராக 27 வெற்றி ஈட்டினார். மெண்டெஸுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை, 1928இல் இறந்தார். அவர் கையொப்பம் என்று யாராவது காட்டினால், முதலில் உட்காருங்கள், பிறகு நிறையக் கேள்வி கேளுங்கள்.

நவம்பர் 26

கையொப்பம் பற்றி ஒரு துணுக்கு. கியூபப் பிட்ச்சர் கொன்ராடோ மரேரோ 2014 ஏப்ரலில், 103 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது ஹவானாவில் காலமானார். மேஜர் லீக்கின் வாஷிங்டன் அணிக்கு 1950இல் போனபோதே அவருக்கு 39ஐ நெருங்கிய வயது. நூறு வயதுக்காரரின் கை எப்படி எழுதும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நடுக்கமில்லாத, ஒரே வீச்சில் போட்ட ‘கடைசிக்கால’ மரேரோ கையொப்பம் எனக்கு அச்சமூட்டுகிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நடுங்கிய எழுத்தைப் போலி என்று ஒதுக்குகிறார்கள்.

டிசம்பர் 2

நீண்ட இடைவெளி, பனி அள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தன்று மைதானத்தில் விற்ற ஸ்கோர் அட்டைகளில் ஒரு பொறி இருக்கிறது. பலர் இதில் நல்ல பொருளைப் போலி என்று தள்ளிவிடுகிறார்கள். செர்ரோவின் பெரிய மைதானம் 1946 அக்டோபரில் திறந்தது. கியூபா லீக் ஆட்டம் எல்லாம் அங்கே போயிற்று. ஆகவே 1946–47 அல்லது 1947–48 தேதியிட்ட, பழைய லா டிராபிக்கல் மைதானத்தின் அட்டை கிடைத்தால் ‘பொய்’ என்று முடிவுகட்டத் தோன்றும்.

பொய் இல்லை. மெக்சிகோ லீக்கில் ஆடப் போனவர்களை அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் அமைப்பு தடை செய்தது. கியூபா லீக்கில் ஆடிய அந்தத் தடைபட்டவர்களோடு ஆடினால் தங்களுக்கும் தடை வரும் என்று அஞ்சியவர்கள் முதல் குளிர்காலத்தில் லா டிராபிக்கலில் தனியாக ஒரு லீக் நடத்தினார்கள். அது பாதியில் படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு கியூபா லீக் அமெரிக்க அமைப்போடு உடன்பாடு செய்துகொண்டதும் நிலைமை புரண்டது. இப்போது தடைபட்டவர்கள் லா டிராபிக்கலுக்குப் போனார்கள். அந்த இரண்டாவது லீக்கில் ஓர் அணியின் பெயர் ‘லியோனெஸ்’, இன்னொன்று ‘அலாக்ரானெஸ்’. சிங்கங்கள், தேள்கள்! ஹபானா, அல்மெண்டாரெஸ் ரசிகர்களை இழுக்க அதே விலங்குகள். ஹபானா அணியின் ஆட்டக்காரர் பெயர் ஒன்றுகூடப் பொருந்தாத ‘சிங்கங்கள்’ அட்டை உங்களிடம் இருந்தால் அது அச்சுப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. குறைந்த காலமே நடந்த லீக், அதனால் அரிது.

டிசம்பர் 3

1946–47 என்றதும் ஒன்று. அந்தப் பருவத்து மிட்டாய்த் தொகுதியில் அல்மெண்டாரெஸுக்கு ஆடிய அமெரிக்கக் கறுப்பின ஆட்டக்காரர் பக் ஓ’நீல் இருக்கிறார். 2022இல் அவரும், மரியானாவின் செல்லப்பிள்ளை மின்னி மிஞோசோவும் ஒரே நாளில் புகழ் மண்டபம் ஏறினார்கள். அதுவரை கொசுறாகப் போன தாளுக்கு அதன்பின் ஏலப் பட்டியலில் தனிப் பத்தி கிடைத்தது. தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இன்னொன்று: டோலெட்டெரோஸ் என்ற படத் தொகுதியைக் கியூபா என்று விற்பதைப் பார்க்கிறேன். அது போர்ட்டோ ரிக்கோ. ஸ்பானிஷ் எழுத்து இருந்தால் கியூபா என்று நினைப்பது, தமிழ் எழுத்து இருந்தால் மதுரை என்று நினைப்பது மாதிரி.

டிசம்பர் 3, இரவு

“இதையெல்லாம் நாட்டை விட்டுக் கொண்டுவரலாமா?” கேட்க வேண்டிய கேள்வி, தாமதமாக வந்திருக்கிறது. கியூபாவில் 1977 முதல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் உண்டு. பழம்பொருள் என்று கருதத்தக்கதை வெளியே எடுக்க அதற்கான பதிவகத்தின் அனுமதி வேண்டும். முழு ஆல்பம், பழைய சீருடை, கோப்பை போன்றவற்றை எவராவது சட்டையடியில் மறைத்துக் கொண்டுவா என்றால் தயவுசெய்து வேண்டாம். சட்டம் ஒருபுறம். அந்தத் தீவில் ஆல்பங்கள் தங்கியதற்குக் காரணமே, 1960களில் கிளம்பிய குடும்பங்கள் ஒரு பெட்டிக்குமேல் எடுத்துப் போக முடியாமல் போனதுதான். பிள்ளைகள் ஒட்டிய ஆல்பம் பாட்டி வீட்டில் நின்றது. அதை விற்கிறவர் இன்று அரிசி வாங்க விற்கிறார். பேரம் பேசும்போது இது எனக்கு நினைவுக்கு வந்துவிடும். அதனால் நான் நல்ல வியாபாரி இல்லை.

டிசம்பர் 9

தம்பி காது படம் அனுப்பியிருக்கிறார், பெரிதாக்கி. ‘பொஹேமியா’ பக்கம் ஒன்றோடு வைத்துப் பார்த்தேன். மடலின் கீழ்ப்பகுதி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, இரண்டிலும். மாயெஸ்த்ரி என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். உறையின்மேல் எழுதுங்கள், தாளின்மேல் வேண்டாம். உறை பாலியெஸ்டராக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை சில ஆண்டுகளில் வியர்த்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். கிழிந்த மூலையை ஒட்டித் திருத்த வேண்டாம்.

டிசம்பர் 10

கடைசியாகக் கேட்டவர் டொராண்டோவில் இருக்கிறார். ஹவானா போக வசதியில்லை, எங்கே தேடுவது என்கிறார். நீங்கள் நிற்கிற இடத்திலேயே தேடுங்கள் ஐயா.

ஹவானா ஷுகர் கிங்ஸ் என்ற அணி 1954 முதல் 1960 வரை, மேஜர் லீக்குக்கு அடுத்த தட்டான இன்டர்நேஷனல் லீக்கில் ஆடியது. அதே லீக்கில் மொன்றியல் ராயல்ஸும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் இருந்தன. (ஹாக்கி அணியை நினைக்காதீர்கள், அதே பெயரில் பேஸ்பால் அணி.) ஆக ஒவ்வொரு கோடையிலும் ஹவானா அணி இங்கே வந்து ஆடியிருக்கிறது. அந்த ஆட்டங்களுக்கு விற்ற ஸ்கோர் அட்டைகள் இந்த நகரங்களின் பரண்களில்தான் இருக்கும், கியூபாவில் இராது. நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்ததே மொன்றியல் வீட்டுவாசல் விற்பனையில் சமையல் புத்தகங்களுக்கு நடுவே கிடைத்த ராயல்ஸ்–ஷுகர் கிங்ஸ் அட்டையால்தான். யாரோ பென்சிலால் ஆறாவது இன்னிங்ஸ் வரை ஸ்கோர் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தார்கள். ராயல்ஸுக்கு நெடுங்காலம் பந்துவீசிய டாமி லாசோர்டா குளிர்காலத்தில் அல்மெண்டாரெஸுக்கு வீசினார். இரண்டு ஊருக்கும் இப்படிப் பாலங்கள் உண்டு.

முக்கோணத் துணிக்கொடி கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். ‘ஷுகர் கிங்ஸ் 1953’ என்றால் வேண்டாம். அந்த ஆண்டுவரை இருந்தது ஹவானா கியூபன்ஸ் என்ற வேறு அணி, வேறு லீக். 1960 என்றால் கவனமாகப் பாருங்கள்: அணியை ஜூலையில் ஜெர்சி சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள், பாதிப் பருவம்தான் ஹவானா பெயர். அந்த அடுத்த தட்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் ஜூனியர் உலகத் தொடரை ஷுகர் கிங்ஸ் வென்ற 1959ஆம் ஆண்டுக்குரியவை அதிகம் விரும்பப்படுகின்றன, அதனால் அதிகம் போலி செய்யப்படுகின்றன. அந்தத் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்கள் எதிரணியின் ஊரான மினியாபொலிசில் நடந்தன. குளிர் தாங்காமல் மீதி எல்லாவற்றையும் ஹவானாவுக்கு மாற்றினார்கள். மினியாபொலிஸ் மைதானத்தின் பெயரோடு மூன்றாவது ஆட்டத்தின் டிக்கெட் கிடைத்தால், அது நடக்காத ஆட்டத்துக்கு முன்கூட்டியே அச்சடித்த டிக்கெட்டாக இருக்கலாம். எனக்குத் தகவல் சொல்லுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.